தலைப்பாகை, முக்காடு, இருமுடி, மொட்டை: யாருக்கு எங்கே விலக்கு?
தமிழ்நாடு-கேரள எல்லையில் வாளையார், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கத்து மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காலையில் பொள்ளாச்சி, மதியம் பாலக்காடு, ராத்திரி மறுபடி பொள்ளாச்சி என்று ஓடுகிறவர்கள் நிறைந்த பகுதி இது. ஒரே நாளில் இரண்டு மாநிலப் போலீஸ், இரண்டு அபராதக் கணக்கு. தலையில் இருப்பதோ ராவுத்தர் வீட்டு முக்காடாக இருக்கலாம், கார்த்திகை மாதத்து இருமுடியாக இருக்கலாம், பழனியில் இறக்கிய மொட்டையாக இருக்கலாம், கஞ்சிக்கோட்டில் படிக்க வந்த பஞ்சாப் பையனின் தலைப்பாகையாகவும் இருக்கலாம். "மதக் காரணம் சொன்னால் விட்டுவிடுவார்கள்" என்ற பேச்சு எல்லாத் தரப்பிலும் உண்டு. அதில் பெரும்பகுதி தவறு. ஒவ்வொரு விதிக்கும் அதன் விலக்கு தனித்தனி வரியாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரியில் இல்லாதவருக்கு விலக்கு இல்லை. ஆனால் விலக்கு இல்லாமலே இரண்டையும் ஒத்துப்போக வைக்கும் வழி பெரும்பாலும் இருக்கிறது.

ஹெல்மெட் சட்டத்தில் மத விலக்கு உண்டா, இல்லையா?

உண்டு. ஒரே ஒரு விலக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 129-ஆம் பிரிவு, நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும், வண்டி ஓட்டினாலும் பின்னால் உட்கார்ந்தாலும், பொது இடத்தில் ஹெல்மெட் அணிய வேண்டும் என்கிறது. அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு: சீக்கியர் ஒருவர், வண்டியில் போகும்போது தலைப்பாகை அணிந்திருந்தால், இந்தப் பிரிவு அவருக்குப் பொருந்தாது.

இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே இருக்க வேண்டும். சீக்கியராக இருந்து தலைப்பாகை இல்லாவிட்டால் விலக்கு இல்லை. தலைப்பாகை கட்டியிருந்து சீக்கியர் இல்லையென்றாலும் இல்லை. வயலுக்குப் போகிற உருமால், கல்யாண மாப்பிள்ளையின் பட்டுத் தலைப்பாகை, வெயிலுக்குச் சுற்றிய துண்டு எதுவும் இந்தக் கணக்கில் வராது.

2019-க்கு முன் மாநில அரசுகள் தாங்களாகவே சில விலக்குகளைத் தரலாம் என்றும் அந்தப் பிரிவில் இருந்தது. பின்னால் உட்காருபவருக்கு ஹெல்மெட் வேண்டாம் என்று பல ஊர்களில் இருந்த நடைமுறை அதிலிருந்து வந்ததுதான். 2019 திருத்தத்தில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். கேரள உயர் நீதிமன்றம் சுட்டிக்காட்டிய பிறகு, 2019 டிசம்பர் 1 முதல் கேரளத்தில் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயமானது. "முன்னெல்லாம் எங்க அம்மாவைப் பின்னால வெச்சுக் கூட்டிட்டுப் போவேன், யாரும் கேட்டதில்லை" என்பது உண்மைதான். அது பழைய சட்டம்.

சீக்கியர்களுக்கு மட்டும் ஏன்?

நம்பிக்கை ஒரு காரணம், பொருளின் வடிவம் இன்னொரு காரணம். வெட்டாத முடியை உச்சியில் முடிச்சாகக் கட்டி, அதன்மேல் ஐந்து ஆறு மீட்டர் துணியை மடித்து மடித்துச் சுற்றுவது சீக்கியத் தலைப்பாகை. கடையில் விற்கிற ஹெல்மெட் எதுவும் அதன்மேல் உட்காராது. பெரிய அளவாகப் பார்த்துக் கவிழ்த்தாலும் தலைக்கு மேல் மிதக்கும், நாடா தாடைக்குக் கீழே எட்டாது, விழுந்தால் முதலில் கழன்று ஓடுவது ஹெல்மெட்தான். தலைப்பாகையைக் கழற்றி ஹெல்மெட் போட்டு, இறங்கியதும் மறுபடி கட்டு என்பது தினசரி நடக்கிற காரியமில்லை. பொது இடத்தில் அதைக் கழற்றச் சொல்வதே அவர்களுக்கு அவமதிப்பு.

பிரிட்டனும் 1976-இல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டு இதே விலக்கைத் தந்தது. எல்லா நாடும் அப்படியில்லை. ஜெர்மனியின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2019-இல், மதக் காரணம் மட்டும் சொன்னால் தானாக விலக்கு கிடைக்காது என்று தீர்ப்பளித்தது. வெளிநாட்டில் வண்டி ஓட்டப் போகிற சீக்கிய நண்பர்கள் அந்தந்த நாட்டு விதியைப் பார்த்துக்கொண்டுதான் சாவியைத் திருப்ப வேண்டும்.

ஹெல்மெட் கட்டாயமே அடிப்படை உரிமைக்கு எதிரானது என்று வாதாடியவர்களும் உண்டு. ஆந்திரப் பிரதேச ஹெல்மெட் விதியை எதிர்த்து வந்த வழக்கில் 1988-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தக் கதவு அன்றே மூடிவிட்டது.

சீக்கியப் பெண், சின்னப் பையன், கூட வரும் நண்பர்: இவர்களுக்கு?

தலைப்பாகை கட்டும் சீக்கியப் பெண்ணுக்கு விலக்கு பொருந்தும். துப்பட்டா மட்டும் போட்டிருந்தால் மத்தியச் சட்டத்தின் வாசகப்படி பொருந்தாது. சிறுவர்கள் தலைப்பாகைக்குப் பதிலாகத் தலையோடு ஒட்டிக் கட்டும் சிறு துணியான பட்காவைப் பற்றி அந்தப் பிரிவில் தனியாக எதுவும் இல்லை, இருக்கும் சொல் தலைப்பாகைதான். பட்காவின் மேல் ஹெல்மெட் உட்காரும் என்பதால் போட்டுவிடுவதே நல்லது.

கல்லூரி வாசலில் அடிக்கடி நடப்பது இது: ஓட்டுகிறவர் தலைப்பாகை கட்டிய சீக்கியர், பின்னால் நம்மூர்ப் பையன் வெறுந்தலையோடு. விலக்கு ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை. பின்னால் இருப்பவருக்காக அபராதம் வரும்.

சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறேன். இருமுடியோடு பைக்கில் போகிறேன். ஹெல்மெட் வேண்டுமா?

வேண்டும். விரதத்துக்கோ இருமுடிக்கோ கறுப்புத் துண்டுக்கோ சட்டத்தில் விலக்கு இல்லை. கார்த்திகை, மார்கழியில் சாமிகளைப் பார்த்துப் போலீஸ்காரர் கைகாட்டிவிட்டு அனுப்பினால் அது அவருடைய மனசு. கேமராவுக்கு மனசு கிடையாது.

இருமுடியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டுவது வேறு விதத்திலும் வம்பு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பின்னால் தள்ளும், ஒரு கை தானாக மேலே போகும், வண்டி ஒற்றைக் கையில் ஓடும். நெய்த் தேங்காய் உள்ள முன்முடி கனமாக இருப்பதால், திருப்பத்தில் தலையோடு கழுத்தையும் சேர்த்து இழுக்கும். வேனில் போகிறவர்கள் இருமுடியை மடியில் வைத்துக்கொள்வதுதான் வழக்கம். பைக்கிலும் அதே வழக்கம் செல்லும்: பின்னால் இருக்கும் சாமி மடியில் வைத்துப் பிடிக்கலாம். தனியாகப் போனால், சுத்தமான துணி விரித்த பைக்குள் நிமிர்த்தி வைத்து முன்பக்கமாகக் கட்டலாம். இறங்கி நடக்கும்போது தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு சந்தேகமும் சிலர் கேட்பார்கள்: விரதத்தில் தோல் படக்கூடாதே, ஹெல்மெட்டில் தோல் இருக்குமா? சாதாரண ஐஎஸ்ஐ ஹெல்மெட்டில் வெளி ஓடு பிளாஸ்டிக் அல்லது ஃபைபர், உள்ளே தெர்மோகோல், அதன்மேல் செயற்கைத் துணி, நாடா நைலான் மாதிரி இழை. தோல் பட்டை வைத்த சில விலை உயர்ந்த மாடல்களைத் தவிர்த்தால் போதும். பிறர் போட்டதைப் போட மனம் ஒப்பாதவர்கள் மாலைக்கென்றே தனியாக ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

மொட்டை போட்டிருக்கிறேன், சந்தனம் பூசியிருக்கிறேன். எரிகிறதே?

விலக்கு இல்லை, வழி இருக்கிறது. சவரம் செய்த அன்று தோல் மெல்லிய கீறல்களோடு இருக்கும். ஈரச் சந்தனத்தின்மேல் நேராக ஹெல்மெட்டைக் கவிழ்த்தால் உள்துணி ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது உரியும். சந்தனம் காயும்வரை அரை மணி நேரம் பொறுங்கள். பிறகு பழைய பருத்தி வேட்டியிலிருந்து ஒரு துண்டு கிழித்து, மடிப்பு விழாமல் தலையில் போட்டு, அதன்மேல் ஹெல்மெட். மடிப்பு விழுந்தால் அந்த இடம் மட்டும் பத்தே நிமிடத்தில் குத்தும்.

பலரும் கவனிக்காத விஷயம்: அடர்த்தியான முடி இருந்தபோது சரியாகப் பொருந்திய ஹெல்மெட் மொட்டைக்குப் பிறகு தளர்ந்துவிடும். நாடாவைப் பூட்டிவிட்டு, பின்விளிம்பைக் கையால் பிடித்து முன்பக்கமாகத் தூக்கிப் பாருங்கள். நெற்றி வழியாகக் கழன்று வந்தால் அது தலைக்குக் காவல் இல்லை. பருத்தித் துணி அந்த இடைவெளியையும் ஓரளவு நிரப்பும்.

தொப்பி போட்டிருக்கிறேன். அதன்மேல் ஹெல்மெட் போடலாமா?

நூலில் பின்னிய மெல்லிய தொப்பி என்றால் தாராளமாகப் போடலாம். நடு உச்சியில் நூல் முடிச்சு புடைத்திருந்தால் அதைச் சற்றுப் பக்கவாட்டில் தள்ளிப் போடுங்கள். கஞ்சி போட்ட விறைப்பான தொப்பி, வெல்வெட் தொப்பி, ஓரம் தடித்த தொப்பி வேண்டாம். நெற்றியில் அந்த ஓரம் ஹெல்மெட்டை அரை அங்குலம் மேலே ஏற்றிவிடும். அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிவாசல் வாசலில் போட்டுக்கொள்ளலாம்.

முக்காடு, ஹிஜாப் அணிகிற பெண்கள்? ஹெல்மெட் பொருந்தவே மாட்டேன் என்கிறதே.

அதிகம் கேட்கப்படுவதும், அதிகம் தவறாகச் செய்யப்படுவதும் இதுதான். விலக்கு இல்லை. ஆனால் ஒழுங்காகக் கட்டினால் ஹெல்மெட்டுக்கும் முக்காட்டுக்கும் சண்டையே வராது.

முதலில் துணி. ஷிஃபான், சாட்டின், வழுவழுப்பான பாலியெஸ்டர் மூன்றும் ஹெல்மெட்டுக்குள் வழுக்கும். பிரேக் அடித்தால் ஹெல்மெட் முன்னால் சரிந்து கண்ணை மறைக்கும். மெல்லிய பருத்தி அல்லது பனியன் துணி நல்லது. உள்ளே ஒரு இன்னர் கேப் (தலையோடு ஒட்டும் உள்தொப்பி), மேலே ஒரே ஒரு சுற்று. மூன்று சுற்று சுற்றிவிட்டு ஹெல்மெட் இறுகுகிறது என்று பெரிய அளவு வாங்குகிறவர்கள்தான் அதிகம். அந்த ஹெல்மெட் துணிக்குத்தான் அளவு, தலைக்கு இல்லை. விழுந்தால் துணி அமுங்கும், ஹெல்மெட் சுழலும்.

அடுத்து ஊசி. நெற்றியோரம், காதோரம், உச்சி ஆகிய மூன்று இடத்திலும் ஊசி கூடாது. சாதாரண நாளில் அது வெறும் குத்தல். அடிபட்ட நாளில் ஹெல்மெட் அந்த ஊசியைத் தலைக்குள் அழுத்தும். காந்தப் பொத்தானும் அப்படித்தான், கெட்டியான பொருள் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. தலை வழியாக மாட்டுகிற தைத்த முக்காடு கிடைக்கிறது. வண்டி ஓட்டுபவர்களுக்கு அதுவே எளிது, ஊசியே வேண்டாம். கொண்டையை உச்சியில் போடாமல் பிடரிக்குக் கீழே இறக்கிக் கட்டுங்கள்.

மூன்றாவது, நாடா. தாடைக்குக் கீழே துணி குவிந்திருந்தால், பூட்டின் துளைக்குள் ஒரு இழை துணி போய்விடும். 'டிக்' என்று சத்தம் கேட்கும், ஆனால் பூட்டு முழுதாக விழுந்திருக்காது. கேட்டதும் கிளம்பிவிடாதீர்கள். பூட்டிய பிறகு நாடாவை ஒரு தடவை வலுவாக இழுத்துப் பாருங்கள். நாடாவுக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழைந்தால் தளர்வு. நாடா பூட்டாத ஹெல்மெட், சட்டத்தின் கண்ணில் போடாத ஹெல்மெட்தான். தலையில் உறுதியாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது 129-ஆம் பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது.

கடைசியாக, தொங்கும் முனை. ஹெல்மெட்டை விட அவசரமான ஆபத்து இதுதான். முக்காட்டின் வாலோ, புர்காவின் கீழ்ப்பகுதியோ, துப்பட்டாவோ பின்சக்கரத்தில் சிக்கினால் கழுத்தோடு பின்னால் இழுத்துவிடும். முனைகளைச் சட்டைக் காலருக்குள் அல்லது ஜாக்கெட்டுக்குள் செருகிவிட்டு மேலே ஜிப் போடுங்கள். பின்சக்கரத்தின் பாதியையாவது மூடும் சேலைத் தடுப்பு, கைப்பிடி, கால்வைப்பு மூன்றும் வண்டியில் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி. அழகுக்காகச் சேலைத் தடுப்பைக் கழற்றியவர்கள் அதைத் திரும்ப மாட்டட்டும்.

அளவு எடுக்கும் விதம்: வண்டியில் போகும்போது கட்டுகிற அதே முக்காட்டோடு கடைக்குப் போங்கள். புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்கு மேலாகப் பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி டேப் பிடித்தால் வருவது சென்டிமீட்டரில் உங்கள் அளவு. ஹெல்மெட்டில் 580, 600 என்று மில்லிமீட்டரில் ஒட்டியிருப்பார்கள். போட்டுக்கொண்டு தலையை ஆட்டினால் கன்னத் தோலும் சேர்ந்து நகர வேண்டும். ஐஎஸ் 4151 எண்ணுள்ள ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத சட்டி ஹெல்மெட் வேண்டாம். 2021 ஜூன் 1 முதல் முத்திரையில்லாததை விற்பதே குற்றம்.

முகத்தையும் மூடியிருக்கும்போது போலீஸ் நிறுத்தினால்?

லைசென்ஸில் உள்ள முகமும் ஓட்டுகிறவரின் முகமும் ஒன்றுதானா என்று பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு. பெண் காவலர் முன்னால் காட்டுகிறேன் என்று கேட்கலாம், பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். கண்ணுக்குப் பக்கவாட்டில் துணி வந்து பார்வையை மறைக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

பொள்ளாச்சி வண்டி, கோவிந்தாபுரம் தாண்டிப் பிடிபட்டது. எந்த மாநில அபராதம்?

பிடிபட்ட இடத்தின் அபராதம். வண்டி எண் டிஎன் 41-ஆக இருந்தாலும் கேஎல் 70-ஆக இருந்தாலும் அதில் மாற்றமில்லை. மத்தியச் சட்டத்தின் 194டி பிரிவில் 1000 ரூபாயும், மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி நீக்கமும் இருக்கின்றன. அந்த இடத்திலேயே கட்டித் தீர்க்கும் தொகையைக் கேரளம் 2019-இல் 500 ரூபாயாகக் குறைத்தது. தமிழ்நாட்டில் 1000. 'அங்கே பாதிதானே' என்று எல்லை தாண்டியதும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டுகிறவர்களுக்கு ஒன்று: லைசென்ஸ் பறிபோனால் இரண்டு பக்கமும் ஓட்ட முடியாது.

நோட்டீஸில் உள்ள 'பிழ' என்ற மலையாளச் சொல்லைப் பார்த்து, ஏதோ எழுத்துப் பிழை என்று நினைத்துச் சிலர் கிடப்பில் போட்டுவிடுகிறார்கள். பிழ என்றால் அபராதம்.

தலைப்பாகை கட்டியிருந்தும் கேமரா நோட்டீஸ் வந்துவிட்டது. என்ன செய்வது?

கேரளத்தில் 726 கேமராக்கள் கொண்ட திட்டம் 2023 ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கத் தொடங்கியது. படத்தில் ஹெல்மெட் வடிவம் தெரிகிறதா என்றுதான் கேமரா பார்க்கும். தலைப்பாகை அதற்கு ஹெல்மெட் இல்லை. நோட்டீஸ் ஆர்சியில் (வண்டிப் பதிவுச் சான்றில்) உள்ள உரிமையாளர் பெயருக்குத்தான் வரும், ஓட்டியவருக்கு இல்லை. நண்பரின் வண்டியை வாங்கி ஓட்டியிருந்தால் நோட்டீஸ் அவர் வீட்டுக்குப் போயிருக்கும், முதலில் அதைக் கேளுங்கள்.

முதல் காரியம்: பணம் கட்டாதீர்கள். கட்டினால் ஒப்புக்கொண்டதாகி வழக்கு முடிந்துவிடும். பரிவாஹன் இ-சலான் தளத்தில் சலான் எண்ணையோ வண்டி எண்ணையோ கொடுத்து, ஓடிபி வாங்கி, படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். ஓட்டியவர், பின்னால் இருப்பவர் இருவரில் யாருக்காக வந்த நோட்டீஸ் என்பதை உறுதிசெய்த பிறகுதான் புகார். அதே தளத்தில் குறைதீர் பகுதி இருக்கிறது. படத்தின் நகல், ஓட்டியவரின் லைசென்ஸ் நகல் (தலைப்பாகையோடு எடுத்த படம் இருந்தால் பாதி வேலை முடிந்தது), 129-ஆம் பிரிவின் விலக்கைக் குறிப்பிடும் இரண்டு வரிக் கடிதம் மூன்றும் போதும். நோட்டீஸில் குறித்த நாளுக்குள் கொடுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட அமலாக்க ஆர்டிஓ அலுவலகத்துக்கு நேரில் போய்க் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சீக்கியர் என்பதற்குச் சான்றிதழ் வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

ஹெல்மெட் போட்டு அதன்மேல் வெயிலுக்குத் துப்பட்டா சுற்றுகிறவர்களுக்கும் இப்படி நோட்டீஸ் வரலாம். துணியை உள்ளே வையுங்கள், ஹெல்மெட்டை வெளியே காட்டுங்கள்.

ஹெல்மெட் இல்லாமல் விபத்து நடந்தால் இழப்பீடு கிடைக்காதா?

கிடைக்கும், ஆனால் குறையலாம். தலையில் அடிபட்டு, ஹெல்மெட் இருந்திருந்தால் காயம் குறைந்திருக்கும் என்று எதிர்த்தரப்பு காட்டினால் உங்கள் பங்குக் கவனக்குறைவு என்று ஒரு பகுதியைக் கழிப்பார்கள். கால் முறிந்ததற்கும் ஹெல்மெட்டுக்கும் தொடர்பில்லை. விதியை மீறியதற்கும் விபத்துக்கும் தொடர்பு காட்டாமல் சும்மா கழிக்கக் கூடாது என்பதை, ஒரே பைக்கில் மூன்று பேர் போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னது.

குழந்தைக்குத் தொப்பியோ முக்காடோ போட்டிருக்கிறோம். ஹெல்மெட் எந்த வயதிலிருந்து?

நான்கு வயதுக்கு மேல் பெரியவர்களுக்கு உள்ள அதே விதி. 2023 பிப்ரவரி 15 முதல், ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயதுவரை உள்ள குழந்தைக்கும் பொருத்தமான ஹெல்மெட் (சைக்கிள் ஹெல்மெட்டும் ஏற்கப்படும்), ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் வார் இரண்டும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. குழந்தையின் முக்காட்டில் ஊசி குத்தவே வேண்டாம்.

கஞ்சிக்கோட்டு ஆலையில் வேலை. பாதுகாப்பு ஹெல்மெட்டுக்கு விலக்கு கேட்கலாமா?

129-ஆம் பிரிவு சாலைக்கு, அதுவும் இரு சக்கர வண்டிக்கு மட்டும். ஆலை வாசலோடு அது நின்றுவிடும். பிரிட்டனில் 1989-இல் கட்டுமானத் தளத்துக்கும், 2015 அக்டோபரிலிருந்து பெரும்பாலான வேலையிடங்களுக்கும் தலைப்பாகை கட்டிய சீக்கியர்களுக்கு விலக்கு உண்டு. அதற்கு ஒரு விலையும் வைத்திருக்கிறார்கள்: அடிபட்டால், ஹெல்மெட் போட்டிருந்தாலும் ஏற்பட்டிருக்கும் காயத்துக்கு மட்டும்தான் இழப்பீடு.

இங்கே கேட்க வேண்டியது விலக்கை அல்ல, இடமாற்றத்தை. மேலிருந்து பொருள் விழும் பகுதியில் இல்லாமல் அலுவலகம், தரச் சோதனை, பேக்கிங் மாதிரியான இடத்தில் வேலை தரும்படி எழுத்தில் கேளுங்கள், எந்தத் துணி, ஏன் என்பதையும் எழுதுங்கள். முக்காடு அணியும் பெண்களுக்குப் பெரும்பாலும் இடமாற்றம்கூடத் தேவைப்படாது. முனை தொங்காத, கழுத்தோடு ஒட்டிய முக்காட்டின்மேல் ஆலை ஹெல்மெட் உட்காரும், உள்ளே இருக்கும் பல்சக்கரத்தைத் திருகி அளவைக் கூட்டிக்கொள்ளலாம். சுழலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தளர்ந்த துணி மட்டும் எந்த மதத்தின் பெயரிலும் வேண்டாம். லேத்தும் கன்வேயரும் துணியைத்தான் பிடிக்கும், பிறகு ஆளை.

பாஸ்போர்ட், ஆதார் படத்துக்கு முக்காட்டை எடுக்கச் சொல்கிறார்களே?

எடுக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட் படத்தில் மதக் காரணத்துக்காக மட்டும் தலை மூடல் அனுமதி உண்டு. தாடையின் கீழ்முனையிலிருந்து நெற்றியின் மேல்பகுதிவரையும், முகத்தின் இரண்டு ஓரமும் தெளிவாகத் தெரிய வேண்டும். தகராறு வருவது எப்போதும் இரண்டு இடத்தில்: நெற்றியில் முக்காடு கீழே இறங்கியிருக்கும், அல்லது கன்னத்தில் அதன் நிழல் விழுந்திருக்கும். முக்காட்டை முடி தொடங்கும் கோடுவரை தள்ளிப் போடுங்கள், வெளிச்சம் நேராக முகத்தில் விழும்படி உட்காருங்கள். பின்னணி வெள்ளை என்பதால் வெள்ளை முக்காடு கட்டிக்கொண்டு போகாதீர்கள், தலையின் விளிம்பு தெரியாமல் போகும். ஆதாரிலும் இதேதான், தலைப்பாகை இருக்கலாம், முகத்தின் எந்தப் பகுதியும் மறையக் கூடாது. முகத்திரைக்கு எங்கும் இடமில்லை.

நீட் தேர்வுக்கு முக்காட்டோடு போக முடியுமா?

முடியும், சீக்கிரம் போனால். 2015-இல் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு உடைக் கட்டுப்பாடு வந்தபோது கேரள உயர் நீதிமன்றம் இரண்டு மாணவிகளுக்கு முக்காடும் முழுக்கைச் சட்டையும் அனுமதித்தது. அரை மணி நேரம் முன்பாக வந்து சோதனைக்கு ஒத்துழைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதே ஆண்டு மறுதேர்வின்போது உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட ஒரு மனுவை ஏற்கவில்லை. 2016-இல் கேரள உயர் நீதிமன்றம் மறுபடி அனுமதித்தது. அந்த இழுபறியெல்லாம் முடிந்து, இப்போது மத வழக்க உடை அணிபவர்கள் முன்கூட்டியே வர வேண்டும் என்று தேர்வு நடத்தும் தேசியத் தேர்வு முகமையே அறிவிப்பில் எழுதுகிறது. தேர்வு மதியம் 2 மணி என்றால் இவர்கள் 12.30-க்குள் இருக்க வேண்டும். அந்தந்த ஆண்டு அறிவிப்பில் நேரத்தைச் சரிபாருங்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காட்டு மையத்துக்குப் போகிறவர் 11.30-க்கே வாசலில் இருப்பது நல்லது. ஒரே அடுக்கு மெல்லிய துணி, உலோகம் எதுவும் இல்லாமல். ஊசி ஒன்று இருந்தாலும் கருவி கத்தும், வரிசை நிற்கும், பதற்றம் உங்களுக்குத்தான். காதைப் பார்க்க வேண்டும் என்பார்கள், அது நியாயமானது. மறைவான இடத்தில் பெண் ஊழியர் பார்க்கட்டும் என்று கேளுங்கள். அறிவிப்பின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து அட்மிட் கார்டோடு கொண்டுபோங்கள். வாசலில் நிற்பவர்களில் சிலர் அதைப் படித்திருக்க மாட்டார்கள்.

பள்ளிச் சீருடையில்?

இது பள்ளிக்குப் பள்ளி மாறும். தனியார் பள்ளி ஒன்றில் முக்காடும் முழுக்கைச் சட்டையும் கேட்ட வழக்கில், 2018 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் நிர்வாக உரிமையே மேலோங்கும் என்றது. மாணவர் போலீஸ் படைச் சீருடையில் ஹிஜாப் வேண்டும் என்ற கோரிக்கையை 2022 ஜனவரியில் கேரள அரசு மறுத்தது. கர்நாடகக் கல்வி நிலையங்களில் ஹிஜாபுக்கு வந்த தடையை எதிர்த்த வழக்கில் அதே ஆண்டு அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் எதிரெதிராகத் தீர்ப்பளித்ததால் விஷயம் பெரிய அமர்வுக்குப் போனது.

எனவே சேர்க்கைக்கு முன்பே சீருடை விதியை எழுத்தில் வாங்கிப் படியுங்கள். சீருடை நிறத்திலேயே, முனை உள்ளே செருகிய முக்காடு என்று குறிப்பாகக் கேட்டால் பல பள்ளிகள் ஒத்துக்கொள்ளும். ஜூனில் சேர்த்துவிட்டு ஜூலையில் சண்டை போட்டால் படிப்பு கெடுவது குழந்தைக்குத்தான்.

வாக்குச்சாவடியில் முகத்திரையை விலக்க வேண்டுமா?

அடையாளம் பார்க்க விலக்கத்தான் வேண்டும். பர்தா அணியும் பெண்கள் நிறைய உள்ள சாவடிகளில் பெண் அலுவலர் தனி மறைவில் பார்த்து, இடது கை ஆள்காட்டி விரலில் மை வைக்கும் ஏற்பாட்டைத் தேர்தல் ஆணையம் சொல்லியிருக்கிறது. இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். வாக்காளர் பட்டியலில் படம் வேண்டாம் என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கு தள்ளுபடியானது.

சந்தனமும் எண்ணெயும் பிடித்த ஹெல்மெட் நாற்றமடிக்கிறது. கழுவலாமா?

உள்துணியைக் கழற்ற முடிந்தால் கழற்றி, குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு போட்டு அலசி நிழலில் காயவையுங்கள். கழற்ற முடியாத மாடலில் ஈரத் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் கூடாது. அவை உள்ளே இருக்கும் தெர்மோகோலைக் கரைத்துவிடும். வெளியே பளபளப்பாகவே இருக்கும், உள்ளே காவல் போயிருக்கும்.